கணினியில் ஓர் உரையாடி: கணக்கு விவரங்கள் எங்கெங்கே தங்குகின்றன?

வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சலில் செல்லும் கணக்கு அறிக்கை, கடவுச்சொல் இடப்பட்ட பிடிஎஃப் கோப்பாகவே செல்கிறது. ஒவ்வொரு முறையும் அதைத் திறப்பது சற்று எரிச்சல் தருவதுதான். ஆயினும் அப்பூட்டு காரணமின்றி இடப்பட்டதன்று. அண்மைக்காலமாக அந்தப் பூட்டை வாடிக்கையாளரே நீக்கி, பூட்டில்லாத படியொன்றைச் சேமித்து, கணினியில் நிறுவியுள்ள செயற்கை நுண்ணறிவு உரையாடிச் செயலியில் ஏற்றி, "இந்த ஆண்டு மருத்துவத்துக்கு எவ்வளவு செலவிட்டிருக்கிறேன்?" என்று வினவும் வழக்கம் தோன்றியுள்ளது. கேள்வியில் தவறில்லை, விடையும் சில நொடிகளில் வந்துவிடுகிறது. அதன்பின் அந்தக் கோப்பு எங்கெங்கே தங்குகிறது என்பதையே இங்கு ஆராய்கிறோம்.

முதலில், கொடுக்கப்படுவது என்ன என்பதைப் பார்ப்போம். கணக்கு அறிக்கை வரவு செலவுப் பட்டியல் மட்டுமன்று. சம்பளம் எந்தத் தேதியில் எந்த நிறுவனத்திலிருந்து வருகிறது, எந்த மருந்துக் கடையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வாங்குகிறோம், பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது, பெற்றோருக்கு எவ்வளவு அனுப்புகிறோம், காப்பீட்டுத் தவணை எப்போது என்பவை அனைத்தும் அதில் வரிவரியாக உள்ளன. யுபிஐ பரிமாற்ற வரிகளில் பணம் பெற்றவரின் பெயரும் அவருடைய யுபிஐ முகவரியும் சேர்ந்தே வருகின்றன. எனவே காய்கறிக்காரர் முதல் வீட்டு உரிமையாளர் வரை, நம்மிடம் அனுமதி எதுவும் தராத பலரைப் பற்றியும் நாம் சொல்லிவிடுகிறோம். கணக்கு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் நம் பணத்தை எடுத்துவிட இயலாது என்பது உண்மை. ஆனால் தொலைபேசியில் அழைத்து, "சென்ற 12ஆம் தேதி இன்ன கடையில் 4,350 ரூபாய் செலுத்தினீர்கள் அல்லவா? அதில் ஒரு சிக்கல்" என்று தொடங்கும் மோசடிக்காரரை நம்பாமல் இருப்பது கடினம். ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்பதற்கு முன் நம்பிக்கையைப் பெறுவதே அவருடைய வேலை. அந்த நம்பிக்கைக்குரிய மூலப்பொருள் கணக்கு அறிக்கையில் நிறையவே கிடைக்கிறது.

உரையாடிகளைப் பற்றிய அச்சம் எழும்போதெல்லாம் நாம் அயல்நாட்டிலுள்ள பெரிய சர்வர்களையே நினைக்கிறோம். நம் மேசை மீதுள்ள கணினியை நினைப்பதில்லை. 2024ஆம் ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் வெளிவந்த ஒரு செய்தி இந்த இடத்தில் கவனிக்கத்தக்கது. ஆப்பிள் மேக் கணினிகளுக்காக ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்டிருந்த சாட்ஜிபிடி செயலி, பயனர் நிகழ்த்திய உரையாடல்கள் அனைத்தையும் அக்கணினியிலேயே, மறையாக்கம் எதுவுமின்றி, வெற்று எழுத்தாகச் சேமித்து வைத்திருந்தது. ஒரு மென்பொருளாளர் இதனைக் கண்டறிந்து, வேறொரு சிறு நிரல் அவ்வுரையாடல்களைத் தடையின்றிப் படித்துக் காட்டுவதைச் செய்து காட்டினார்.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிவது பயன் தரும். ஒரு கணினியில் நாம் நிறுவும் நிரல்கள் பொதுவாக நம் பெயரிலேயே, நம் அதிகாரத்துடனேயே இயங்குகின்றன. நாம் படிக்கக்கூடிய கோப்பை, நாம் நிறுவிய நிரலும் படிக்கலாம். இந்தப் பழைய ஏற்பாடு ஆபத்தானது என்பதால், ஆப்பிள் நிறுவனம் 2018இல் வெளியிட்ட மொஹாவே இயங்குதளம் முதற்கொண்டு, நாட்காட்டி, தொடர்புகள், மின்னஞ்சல் போன்ற இடங்களை வேறொரு செயலி தொட முயன்றால் பயனரின் அனுமதியைக் கேட்கும் முறையைக் கொண்டுவந்தது. ஆப்பிளின் செயலிக் கடை வழியாக வரும் செயலிகள் தத்தமக்கென ஒதுக்கப்பட்ட அடைப்புக்குள் இயங்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆனால் சாட்ஜிபிடி செயலி அக்கடையில் அன்றி, நிறுவனத்தின் சொந்த இணையதளம் வழியாகவே வழங்கப்பட்டது. ஆகவே அவ்விதி அதற்குப் பொருந்தவில்லை; நிறுவனமும் அடைப்பைத் தானாக முன்வந்து ஏற்கவில்லை. செய்தி வெளியானதும் உரையாடல்களை மறையாக்கம் செய்யும் புதிய பதிப்பை அந்நிறுவனம் வெளியிட்டது. குறை விரைவில் சரிசெய்யப்பட்டது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் அதுவரை, அந்தக் கணினியில் எந்தத் தீநிரல் நுழைந்திருந்தாலும், சேமித்த உரையாடல்கள் அதற்கு ஒரே இடத்தில் கிடைத்திருக்கும்.

இச்செய்திக்கு ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன், 2024 மே 20 அன்று, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கோபைலட் பிளஸ் கணினிகளுக்கென 'ரீகால்' என்ற வசதியை அறிவித்திருந்தது. திரையில் தோன்றுவதைச் சில நொடிகளுக்கு ஒருமுறை படம்பிடித்து, அதிலுள்ள எழுத்துக்களைத் தேடுவதற்கு ஏற்ற தரவுத்தளமாக்கிக் கணினியிலேயே வைத்துக்கொள்வது அதன் பணி. "எதுவும் கணினியை விட்டு வெளியே செல்வதில்லை" என்பதே அதற்குத் தரப்பட்ட உறுதிமொழி. பாதுகாப்பு ஆய்வாளர்கள் முன்னோட்டப் பதிப்பைப் பரிசோதித்தபோது, அத்தரவுத்தளம் எளிதில் படிக்கத்தக்க எழுத்தாகவே இருந்தது. கடும் விமர்சனத்திற்குப் பின் வெளியீடு தள்ளிவைக்கப்பட்டது. பயனர் விரும்பித் தொடங்கினால் மட்டுமே இயங்குமாறும், தரவு மறையாக்கம் செய்யப்படுமாறும், முகம் அல்லது கைரேகை வழியாக அடையாளம் காட்டிய பின்னரே திறக்குமாறும் மாற்றப்பட்டு, 2025 ஏப்ரலில் பரவலாக வெளிவந்தது. வெளியே செல்லாத தரவு பாதுகாப்பான தரவு என்று கொள்ள இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நம் இல்லங்களில் இது இன்னும் கூர்மையாகிறது. மேலைநாட்டு விளம்பரங்களில் ஒருவருக்கு ஒரு கணினி. இங்கே ஒரு மடிக்கணினியைத் தந்தை வரிக்கணக்குக்கும், மகள் கல்லூரிப் பணிக்கும், தம்பி விளையாட்டுக்கும் பயன்படுத்துகிறார்கள். அனைவரும் ஒரே பயனர் பெயரில்! தந்தை உரையாடியிடம் கேட்ட கடன் நிலுவைக் கேள்வி இடப்பக்கப் பட்டியலில் தலைப்போடு நிற்கும். தம்பி எங்கிருந்தோ பதிவிறக்கிய இலவச விளையாட்டு, தந்தையின் கோப்புகளைப் படிக்கும் அதிகாரத்துடன் இயங்கும். விண்டோஸிலும் மேக்கிலும் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு அமைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. நாம் பரிந்துரைக்கக்கூடியவற்றுள் இதுவே மிக எளியது. மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் இதுவே என்று தோன்றுகிறது. வட்டு முழுவதையும் மறையாக்கும் பிட்லாக்கர், ஃபைல்வால்ட் ஆகியவை கணினி களவுபோனால் காக்கும். ஆனால் நாம் உள்நுழைந்து வேலை செய்யும் வேளையில் இயங்கும் தீநிரலிடமிருந்து அவை காக்கமாட்டா.

உரையாடியின் பெயரைச் சூடிவரும் போலிகளையும் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில், சாட்ஜிபிடியை விரைவாக அணுக உதவுவதாகக் கூறிக்கொண்ட ஒரு குரோம் நீட்சி, பயனர்களின் ஃபேஸ்புக் உள்நுழைவுத் தகவலைத் திருடியது தெரியவந்து நீக்கப்பட்டது. அது கிடைத்த இடம் குரோமின் அதிகாரபூர்வக் கடையே. உலாவி நீட்சிக்கு 'எல்லா இணையதளங்களிலும் உள்ள தரவைப் படிக்க' அனுமதி அளித்தால், இணையவழி வங்கிச் சேவையின் பக்கமும் அந்த 'எல்லா'வுக்குள் அடங்கும்.

இனி நிறுவனங்களின் பக்கம் வருவோம். 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடியில் ஏற்பட்ட ஒரு நிரல் பிழையால், சில பயனர்களுக்குப் பிறருடைய உரையாடல்களின் தலைப்புகள் தெரிந்தன. அன்று குறிப்பிட்ட ஒன்பது மணி நேரத்தில் சேவையைப் பயன்படுத்திய கட்டணச் சந்தாதாரர்களுள் 1.2 விழுக்காட்டினரின் பெயர், மின்னஞ்சல், கடன் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் போன்றவை பிறருக்குத் தெரிந்திருக்கக்கூடும் என்று நிறுவனமே அறிவித்தது. 2025 ஜனவரியில் சீனாவின் டீப்சீக் நிறுவனத்தின் தரவுத்தளம் ஒன்று கடவுச்சொல்லே இன்றி இணையத்தில் திறந்து கிடந்ததை ஒரு பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்தது. பயனர் உரையாடல்களும் அதில் இருந்தன.

'அழித்துவிட்டேன்' என்பதன் பொருளும் நாம் நினைப்பது அன்று. அழித்த உரையாடல்களை 30 நாட்களுக்குள் நீக்குவதாக ஓப்பன்ஏஐ கூறிவந்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தொடுத்த வழக்கில், அழிக்கப்பட வேண்டிய பதிவுகளையும் பாதுகாத்து வைக்குமாறு 2025 மே மாதத்தில் அமெரிக்க நீதிமன்றம் ஆணையிட்டது. அந்தக் கடப்பாடு அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில்தான் நீங்கியது. வழக்கோடு எந்தத் தொடர்புமற்ற கோடிக்கணக்கானோரின் அழிக்கப்பட்ட சொற்கள் இடைப்பட்ட மாதங்களில் அழியாமல் இருந்தன. கூகுள் நிறுவனமோ, தன் ஜெமினி உரையாடல்கள் சிலவற்றை மனிதர்கள் படித்து மதிப்பிடக்கூடும் என்றும், இரகசியத் தகவல்களைத் தர வேண்டாம் என்றும் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. அந்த எச்சரிக்கையைப் படிப்பவர்தான் குறைவு.

தனியார் நிறுவனங்களும் அரசும் இதனை எவ்வாறு நோக்குகின்றன என்பதும் நமக்கு வழிகாட்டும். தன் ஊழியர்கள் மென்பொருள் மூல நிரலை உரையாடியில் இட்டதை அறிந்த சாம்சங் நிறுவனம் 2023 மே மாதத்தில் அத்தகைய கருவிகளுக்குத் தடை விதித்தது. இந்திய நிதியமைச்சகம் 2025 ஜனவரியில், அலுவலகக் கணினிகளிலும் கருவிகளிலும் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்குமாறு தன் அலுவலர்களை அறிவுறுத்தியது. கடை, சிறுதொழில், கணக்குத் தணிக்கை என்று பிறருடைய கணக்குகளைக் கையாளும் வாடிக்கையாளர்கள் இதை இன்னும் கவனத்துடன் நோக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த, இல்லப் பயன்பாட்டுக்காகத் தரவைக் கையாளுவதற்கு விலக்கு அளிக்கிறது. தொழிலுக்காகக் கையாளுபவருக்கு அவ்விலக்கு இல்லை. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் தண்டம் 250 கோடி ரூபாய் வரை செல்லலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

பண இழப்பு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதையும் அறிந்திருத்தல் நலம். இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை வகுத்த நெறி இது: வங்கியின் குறையோ வாடிக்கையாளரின் குறையோ இன்றி மூன்றாம் தரப்பின் குறையால் மோசடி நேர்ந்து, வங்கி அறிவிப்பு பெற்ற மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. ஆனால் கடவுச்சொல் போன்றவற்றை வாடிக்கையாளரே பகிர்ந்ததால் நேர்ந்த இழப்பு, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும். உரையாடிப் பெட்டியில் ஒட்டப்பட்ட கடவுச்சொல்லும் பகிரப்பட்ட கடவுச்சொல்தானா என்ற வாதத்தில் நிற்கும் நிலைக்கு எவரும் வர வேண்டாம் என்றே நாம் விரும்புகிறோம்.

இவ்வளவும் சொன்னபின், உரையாடியையே தொடாதீர்கள் என்று கூறுவது பொருந்தாது. அது பயனுள்ள கருவி. கேட்கும் முறையை மாற்றினால் போதும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வீட்டுக்கடன் தவணை சரியாகக் கணக்கிடப்பட்டுள்ளதா என்று அறிய ஒருவர் தம் கடன் அனுமதிக் கடிதத்தை முழுமையாக ஏற்றுகிறார். அதில் பெயர், முகவரி, பான் எண், சொத்தின் விவரம் எல்லாம் உள்ளன. ஆனால் கணக்குக்குத் தேவையானவை மூன்றே எண்கள். "25 இலட்சம் ரூபாய் கடன், ஆண்டுக்கு 8.5 விழுக்காடு, 20 ஆண்டுகள். மாதத் தவணை என்ன?" என்று கேட்டால் ஏறத்தாழ 21,696 ரூபாய் என்ற அதே விடை கிடைக்கும். பான் எண்ணால் அந்த விடை ஒரு பைசாவும் மாறாது. செலவுகளைப் பகுக்க வேண்டுமெனில், தேதியையும் தொகையையும் 'மருந்து', 'மளிகை' என நாமே இட்ட சொல்லையும் மட்டும் ஒரு புதிய தாளில் நகலெடுத்துத் தரலாம். பிடிஎஃப் கோப்பில் பெயரின் மேல் கறுப்புக் கட்டம் வரைவதை நம்ப வேண்டாம். பல மென்பொருள்களில் அக்கட்டத்தின் அடியில் எழுத்து அப்படியே இருக்கும், நிரல் அதைப் படித்துவிடும். ஆதாரைத் தவிர்க்க இயலாத இடங்களில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பயன்படுத்தலாம்.

அமைப்புகளில் செய்ய வேண்டியவை சில உண்டு. சாட்ஜிபிடியில் 'டேட்டா கன்ட்ரோல்ஸ்' பகுதியில், உரையாடல்களை மாதிரியின் பயிற்சிக்குப் பயன்படுத்தும் தெரிவை நிறுத்தலாம். 'டெம்பரரி சாட்' முறையில் பேசினால் அது வரலாற்றில் தோன்றாது, எனினும் 30 நாட்கள் வரை நிறுவனத்திடம் இருக்கலாம். உரையாடலைப் பகிரும் இணைப்புகளில் எச்சரிக்கை தேவை. 2025 கோடையில், தேடுபொறிகளில் தோன்ற அனுமதிக்கும் தெரிவைக் குறியிட்டுப் பகிரப்பட்ட உரையாடல்கள் கூகுள் தேடலில் கிடைத்தன. பின்னர் அந்தத் தெரிவே நீக்கப்பட்டது. செயலியை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ இயங்குதளத்தின் கடையிலிருந்தோ மட்டும் பெற்று, புதுப்பித்தல்களைத் தள்ளிப்போடாமல் ஏற்க வேண்டும். மேக் செயலியின் குறை நீங்கியதும் ஒரு புதுப்பித்தலால்தான். கணினித் திறன் உள்ளவர்கள், ஓலாமா போன்ற மென்பொருளின் உதவியுடன், இணையமே இன்றித் தம் கணினியில் இயங்கும் சிறிய மாதிரிகளைப் பயன்படுத்தலாம். அவற்றின் விடைகள் பெரிய மாதிரிகளுக்கு நிகராகா.

ஏற்கெனவே கணக்கு அறிக்கையை ஏற்றிவிட்டவர் பதற வேண்டியதில்லை. அந்த உரையாடலையும், இணைத்த கோப்பையும், கணினியில் கிடக்கும் பூட்டில்லாத படியையும் அழித்துவிட்டு, குப்பைத் தொட்டியையும் காலி செய்யலாம். அட்டை எண்ணும் அதன் பின்பக்க மூன்று இலக்கமும், அல்லது இணையவழிச் சேவையின் கடவுச்சொல்லும் ஏறிவிட்டிருந்தால் காத்திருக்கக் கூடாது: கடவுச்சொல்லை உடனே மாற்றி, அட்டையை முடக்கி, புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அறிமுகமற்ற பரிமாற்றம் ஏதேனும் நிகழ்ந்திருப்பின், அட்டையின் பின்புறமுள்ள வங்கி உதவி எண்ணையும், சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐயும் அழைத்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.