முகத்தை மாற்றும் தீங்குநிரல்

கணினிக்குள் நுழைந்து தகவல்களைத் திருடவோ, கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கவோ எழுதப்படும் நிரலைத் தீங்குநிரல் என்கிறோம். உயர்தர வகுப்பில் வணிகக் கல்வி கற்கும் எனக்கு, இது தகவல் தொழினுட்ப மாணவியருக்கு மட்டும் உரிய விடயமாகத் தோன்றவில்லை. கடன் கணக்கு, இருப்புப் பதிவு, ஊழியர் சம்பளப் பட்டியல் எல்லாம் இன்று ஒரே கணினிக்குள் இருக்கின்றன. அது பூட்டப்பட்டால், கடை திறந்திருந்தும் வியாபாரம் நடக்காது.

செயற்கை நுண்ணறிவு இதில் கொண்டுவந்த மாற்றம் என்ன? முன்பு பல மோசடி மின்னஞ்சல்களை அவற்றின் எழுத்துப் பிழைகளே காட்டிக் கொடுத்தன. இன்று பெறுபவரின் தொழிலுக்கேற்ற பிழையற்ற கடிதத்தைச் சில விநாடிகளில் எழுதிவிடலாம். முதலாளியின் குரலைப் போன்றே பேசும் ஒலிப்பதிவை உருவாக்கலாம். நிரலின் தோற்றத்தையும் மீண்டும் மீண்டும் மாற்றலாம்.

2025 ஜூலையில் உக்ரேனின் கணினி அவசர நிலைக் குழு ‘லேம்ஹக்’ என்னும் தீங்குநிரல் பற்றி அறிவித்தது. வழக்கமான தீங்குநிரலில் கட்டளைகள் முன்னரே எழுதப்பட்டிருக்கும். இதுவோ, தான் செய்ய வேண்டியதை ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரிக்கு அனுப்பி, அதற்கான கட்டளைகளை அங்கிருந்து பெற்றது. ஆனால், அது உள்ளே வந்த வழியைப் பாருங்கள். அமைச்சு அதிகாரி ஒருவர் அனுப்பியதுபோல் வந்த மின்னஞ்சலின் இணைப்பாகவே அது வந்தது. தந்திரம் புதியது, வாசல் பழையது. எனவே பாதுகாப்பும் வாசலிலேயே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, உறுதிப்படுத்தல். “வங்கிக் கணக்கிலக்கம் மாறிவிட்டது, உடனே பணம் அனுப்புங்கள்” என்று செய்தி வந்தால், அதற்கே பதில் எழுதாமல், முன்பே தெரிந்த தொலைபேசி இலக்கத்துக்கு நாமே அழைத்துக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, அனுமதியைக் குறைத்தல். காசாளருக்கு அவரது வேலைக்குரிய கோப்புகள் போதும். கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பும் இருக்க வேண்டும். மென்பொருள்களைக் காலந்தாழ்த்தாமல் இற்றைப்படுத்த வேண்டும்.

மூன்றாவது, நடத்தையைக் கவனித்தல். தெரிந்த திருடர்களின் படங்களை வைத்துக்கொண்டு காவல் காப்பதுபோலவே பழைய வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இயங்கின. முகத்தை மாற்றும் நிரல் அதில் சிக்காது. ஆனால் எந்த முகத்தோடு வந்தாலும், நள்ளிரவில் நூற்றுக்கணக்கான கோப்புகளை வரிசையாகப் பூட்டுவது திருடனின் செயலே. அச்செயலைக் கண்டு தடுக்கும் மென்பொருள்கள் இன்று உள்ளன. அவற்றிலும் செயற்கை நுண்ணறிவு பயன்படுகிறது.

நான்காவதும் முக்கியமானதும் காப்புப் பிரதி. 2017 ஜூனில் ‘நொட்பெட்யா’ என்ற தீங்குநிரல் டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் கம்பனியைத் தாக்கியது. 45,000 கணினிகளிலும் 4,000 சேர்வர்களிலும் மென்பொருள்களை மீண்டும் நிறுவ நேர்ந்தது. வலையமைப்பின் பயனர் விபரங்களைக் காத்த சேர்வர்கள் அழிந்துவிட, கானாவில் மின்வெட்டால் அணைந்திருந்த ஒன்று மட்டும் தப்பியது. அதைக் கொண்டே அந்த வலையமைப்பை மீட்டார்கள். நம் நாட்டிலோ, 2023 ஓகஸ்டில் அரசின் மேகக் கணினி அமைப்பு தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை, அவை இழக்கப்பட்டன. இவ்விரு தாக்குதல்களும் ஒரே பாடத்தையே சொல்கின்றன. வலையமைப்போடு இணையாத ஒரு பிரதி எப்போதும் இருக்க வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வாரந்தோறும் கணக்குகளைப் பிரதி செய்து, பின் கழற்றி வைக்கும் ஒரு வன்தட்டு சிறிய கடைக்குப் போதுமான தொடக்கம். அதிலிருந்து கோப்புகள் திறக்கின்றனவா என்று இடையிடையே பார்க்கவும் வேண்டும்.

தோழியரே, நம்மிற் பலரின் வீடுகளில் கடையோ, தையல் தொழிலோ, இணையவழி விற்பனையோ நடக்கிறது. “இந்தக் கணினி இன்றிரவு அழிந்தால் நாளைக் காலை எதை வைத்து வியாபாரம் செய்வோம்?” என்று வீட்டாரிடம் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், அந்த வேலையை இன்றே நீங்கள் பொறுப்பெடுங்கள்.