ஓடுகள் கூறும் வரலாறு
பினீசியர் துறைகளும் நம் துறைகளும்

(தமிழாசிரியர், அன்புவழிபுரம், திருகோணமலை)

மன்னர்தம் வரலாற்றைச் சாசனங்கள் கூறும். புலவர்தம் வரலாற்றை அவர் பாடிய நூல்கள் கூறும். மரக்கலம் ஏறிப் பண்டம் மாற்றி வாழ்ந்த வணிகன், பாய் விரித்த மாலுமி, மிடா வனைந்த குயவன் ஆகியோரின் வரலாற்றை எது கூறும்? அவர்கள் உடைத்தெறிந்த ஓடுகளும், கைதவறி விழுத்திய மணிகளும், கடலடியிற் புதைந்த கலங்களுமே கூறும். துறைமுக நகரொன்றிற் பிறந்து வளரும் நம் மாணவர் இவ்வுண்மையை உளங்கொள்ளுதல் நன்று. இதனை விளக்கப் பினீசியர் என்னும் பண்டைக் கடலோடிகளின் வரலாறு பெரிதும் உதவும்.

பினீசியர் யார்?

மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையில், இன்றைய லெபனான் நாட்டை ஒட்டித் தீரு, சீதோன், பிப்லோசு முதலிய துறைமுக நகரங்கள் இருந்தன. அந்நகரத்தார் ஒரே பேரரசாக வாழ்ந்தவரல்லர். ஒவ்வொரு நகரும் தனக்கெனத் தனி அரசன் உடையது. 'பினீசியர்' என்னும் பெயரும் கிரேக்கர் இட்டதே. கிரேக்கரை நம் முன்னோர் 'யவனர்' என்றழைத்தது போன்றதே இதுவும். தீரு நகரத்தார் மேற்கே சென்று ஆபிரிக்கக் கரையில் அமைத்த குடியிருப்பே கார்த்தேசு. அச்சொல்லின் பொருள் 'புதுநகர்' என்பதாம். கி.மு. 814 இல் அது நிறுவப்பட்டதென்பது பண்டையோர் மரபு. அந்நகரத்தாரையும் அவர் வழியினரையும் உரோமர் 'பியூனிக்கர்' என்றனர்.

இவர்களிடம் நூல்கள் இல்லாமலில்லை. மாகோ என்பவர் வேளாண்மை பற்றி 28 பகுதிகளில் எழுதிய நூலை உரோம ஆட்சி மன்றமே இலத்தீனிற் பெயர்க்கக் கட்டளையிட்டது. ஆயினும் கி.மு. 146 இல் உரோமர் கார்த்தேசை அழித்தபின் ஏனைய நூல்கள் சிதறி மறைந்தன. எனவே ஈராயிரம் ஆண்டுகளாக உலகம் அம்மக்களை அவர்தம் பகைவரின் வாய்மொழி கொண்டே அறிந்தது. வஞ்சகர், பொருளாசையர், பெற்ற பிள்ளைகளைத் தீயிலிட்டோர் என்றெல்லாம் பகைவர் எழுதி வைத்தனர். இறந்தோர் மறுமொழி கூற இயலுமோ?

மண் கூறிய மறுமொழி

இயலும் என்று காட்டியது புதைபொருளாராய்ச்சி. 1758 இல் பார்த்தலெமி என்னும் பிரெஞ்சு அறிஞர், மோல்ற்றாத் தீவிற் கிடைத்த இருமொழிச் சாசனத்தின் துணைகொண்டு பினீசிய எழுத்துக்களைப் படித்தறிந்தார். 1923 இல் பிப்லோசில் அகிராம் என்னும் அரசனின் கற்பேழை எழுத்துப் பொறிப்போடு வெளிப்பட்டது. 22 எழுத்துக்களே கொண்ட அவ்வரிவடிவிலிருந்து கிரேக்க எழுத்தும், அதன்வழி உரோம எழுத்தும் பிறந்தன.

1952 இல் துனிசியக் கரையில் கெர்க்குவான் என்னும் சிறுநகர் கண்டறியப்பட்டது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கைவிடப்பட்ட அவ்வூரின்மேல் உரோமர் மீண்டும் ஊர் அமைக்கவில்லை. ஆதலின் பியூனிக்க மக்களின் இல்லங்களை அங்கு உள்ளபடியே காணலாம். வீடு தோறும் செந்நிறச் சாந்து பூசிய குளிக்குந் தொட்டிகள். தரையில் தானித்து என்னும் தெய்வத்தின் சின்னம். பகைவர் எழுதிய நூல்களில் இடம்பெறாத எளிய இல்வாழ்க்கை இது.

பினீசியர்க்குப் பெரும் புகழும் பொருளும் தந்தது ஊதாச் சாயம். முள்நிறைந்த ஒருவகைக் கடற்சங்கின் சுரப்பியிலிருந்து அதனை எடுத்தனர். 1909 இல் ஓர் இரசாயன அறிஞர் 12,000 உயிர்களிலிருந்து 1.4 கிராம் சாயமே பெற்றார். அது மன்னர்க்குரிய ஆடையாயிற்று என்பதில் வியப்பில்லை. சீதோனில் மேடுமேடாகக் குவிந்து கிடந்த வெற்றோடுகள் அத்தொழிலின் சான்றாகும்.

1971 முதல் ஒனர் புரொஸ்ற் என்னும் அம்மையார் சிசிலித் தீவின் மர்சாலாக் கரையில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டுப் பியூனிக்க மரக்கலம் ஒன்றைக் கடலடியில் ஆராய்ந்தார். அதன் பலகைகளில் தச்சர் வண்ணத்தால் எழுத்துக் குறிகள் இட்டிருந்தனர். எப்பலகையை எங்கே பொருத்துவதென்பதற்கு அவை அடையாளம். எழுத்து அரசவைக்கும் கோயிலுக்கும் மட்டுமன்றித் தச்சன் கைக்கும் உரியதாய் இருந்தது என்பதை அப்பலகைகளே நமக்குக் கூறின.

பிள்ளைகளைப் பலியிட்டனர் என்னும் பழி? கார்த்தேசில் 1921 இல் அறியப்பட்ட புதைகாட்டில் எரிந்த குழந்தை எலும்புகள் கொண்ட தாழிகள் கிடைத்துள. பலியே என்பார் ஒரு சாரார். நோயால் இறந்த மகவுகளைத் தனியே புதைத்த இடம் என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கு இன்னும் முடியவில்லை. எனினும் வழக்கு இப்பொழுது பகைவர் சொல்லை மட்டும் வைத்து நடைபெறவில்லை; எலும்பையும் பல்லையும் வைத்து நடைபெறுகின்றது.

நம் கடலோடிகள்

பினீசியரைப் போலன்றி நமக்குச் சங்க நூல்கள் எஞ்சியுள்ளன. காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளிற் குவிந்த பண்டங்களுள் ஈழத்து உணவும் இருந்ததெனப் பட்டினப்பாலை கூறும். ஆயினும் நூல் கூறுவதை மண்ணும் கூறும்போதன்றோ ஐயம் நீங்கும்?

செங்கடற் கரையில் எகிப்து நாட்டிலுள்ள பெரெனிக்கே என்னும் பண்டைத் துறையில், இந்தியப் பெருந்தாழி ஒன்றில் 7.55 கிலோகிராம் மிளகு அப்படியே கிடைத்தது. அதே கரையில் குசெயிர் அல்-கதீம் என்னுமிடத்துக் கிடைத்த ஓடுகளிற் கணன், சாதன் என்னும் தமிழ்ப் பெயர்கள் பிராமி எழுத்திற் பொறிக்கப்பட்டிருந்தன. மற்றோர் ஓட்டிற் 'பானை ஒறி' என்ற சொற்றொடர் உளது. நம் அடுக்களைகளிற் பால் தயிர் தொங்கவிடும் உறியே அது என்பர் அறிஞர். தாய்லாந்தின் குளோங் தோம் என்னுமிடத்துப் பொற்கொல்லன் ஒருவனின் உரைகல்லிற் 'பெரும்பதன் கல்' என்ற பெயர் காணப்படுகின்றது. மேற்கே உறி, கிழக்கே உரைகல்! அரசன் ஆணையால் எழுதியவை அல்ல இவை. தன் பொருள் தனது என்று காட்ட எளியோர் கீறிய எழுத்துக்கள். மர்சாலாத் தச்சனும் இவர்களும் ஓரினத்தவரல்லர். ஆனால் ஒரு தன்மையர்.

ஈழத்திலும் சான்றுகள் குறைவில்லை. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980 அளவில் பெருங்கற்கால ஈமப்புதைவு ஒன்றினின்று முத்திரை ஒன்று வெளிப்பட்டது. மேல்வரியிற் குறியீடுகளும் கீழ்வரியிற் பிராமி எழுத்துக்களும் உடைய அதனைக் 'கோவேத' என வாசித்தனர். கந்தரோடையில் 1970 இல் நடந்த அகழ்வும் அவ்வூரின் தொன்மையை நாட்டியது. மாதோட்டத்தில் 1980 முதல் 1984 வரை காஸ்வெல் என்பார் தலைமையில் அகழ்வு நடந்தது. போர்ச் சூழலால் இடையில் நின்றது. சீனத்துக் கலங்களும் பாரசீக வளைகுடாவின் கலங்களும் அங்கு ஒருங்கே கிடைத்தன. கரிந்த மிளகோடு, கி.பி. 900 முதல் 1100 வரையான காலத்துக் கராம்பு ஒன்றும் கண்டறியப்பட்டது. மொலுக்காத் தீவுகளில் மட்டும் அக்காலத்து விளைந்த அச்சிறு மொட்டு கீழ்க்கடல் முழுவதையும் கடந்து மாதோட்டம் சேர்ந்ததென்றால், நூறு நூல்கள் உரைப்பதை அது ஒன்றே உரைக்கின்றதன்றோ? தென்கரையில் கொடவாயவுக்கு அப்பாற் கடலடியில், ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடைய கலமொன்று கண்ணாடிக் கட்டிகளோடும் அரைகற்களோடும் கிடக்கின்றது.

சொல்லொலியும் சான்றும்

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். சாலமோன் அரசனுக்காகத் தீரு மன்னன் ஈராமின் மாலுமிகள் கொணர்ந்த மயிலுக்கு எபிரேய மொழியில் வழங்கிய 'துகி' என்னும் பெயர் நம் 'தோகை'யே என்றார் கால்டுவெல். அக்காலத்துக் கலங்கள் சென்ற தர்சீசு நம் காலித் துறையே என்றார் எமேர்சன் தெனன்ற். இவை கேட்கச் செவிக்கினியவை. எனினும் காலியைத் தர்சீசு என்று நாட்டவல்ல பினீசியப் பொருள் எதுவும் அவ்வூர் மண்ணிலிருந்து காட்டப்படவில்லை. ஒலியொப்புமை ஆராய்ச்சிக்குத் தொடக்கமாகலாம், முடிவாகாது.

பேரறிஞரையும் மண் திருத்தும். 1945 இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மோட்டிமர் வீலர், அங்குக் கிடைத்த உருள்வரிக் கலங்கள் மத்தியதரைக் கடல் நாட்டிலிருந்து வந்தவை எனக் கருதினார். பின்வந்தோர் களிமண்ணை ஆராய்ந்து, அவை இந்திய நாட்டிலேயே வனையப்பெற்றவை எனக் காட்டினர். இதனால் வீலரின் பெருமை குன்றவில்லை. அவர் எந்த ஓடு எந்த மண்படையிற் கிடைத்ததெனக் குறித்து வைத்தமையாலேயே பின்னோர் அவரைத் திருத்த முடிந்தது.

நம் ஊரும் நம் கடனும்

திருகோணமலையைப் பாளி நூல்கள் கோகண்ணம் எனக் குறிக்கும். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணமலைக்குப் பதிகம் பாடினார். 1620களிற் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர். 1950 இற் கிணறு வெட்டியபோது பழைய கோயிற்றிருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையின் அடியிற் கடலுள் கோயிற் சிதைவுகளைக் கண்டனர். கிணறு வெட்டியவரும் கடலுள் மூழ்கியவரும் தற்செயலாகக் கண்டவையே இவ்வளவென்றால், முறையாகத் தேடினால் எவ்வளவு கிடைக்கும்!

ஆயின் முறை தவறினால் யாவும் பாழாம். ஒரு பாசிமணி பெட்டியிற் கிடந்தால் அஃது அழகிய மணி மட்டுமே. எத்தனை அடி ஆழத்தில், எவ்வோட்டின் அருகில், எந்தச் சாம்பலின் மேலே கிடந்தது என்று அறிந்தாலன்றோ அது சாட்சியாகும்? இடம் பிரிந்த பொருள் நாவிழந்த சாட்சி. நாவிழந்த சாட்சியைக் கொண்டு யாரும் தமக்கு வேண்டியதைச் சொல்லிவிடலாம். இம்மண் எமதே, எமக்கு மட்டுமே என வாதிடுவோர் மலிந்த காலத்தில் இது சிறு தீங்கன்று. பகைவர் சொல்லால் மட்டும் அறியப்படும் நிலை கார்த்தேசுக்கு வந்தது. நமக்கும் அது வாராதிருக்க வேண்டுமாயின், நம் மண்ணின் சாட்சியைச் சிதையாமற் காத்தல் வேண்டும். அச்சாட்சி நாம் விரும்பியதற்கு மாறாக இருப்பினும் அதனை ஏற்கும் நேர்மையும் வேண்டும்.

ஆதலின் மாணவர்காள்! அத்திவாரம் வெட்டும் இடத்தில் ஓடோ மணியோ காசோ கண்டால் அதனை அகழ்ந்தெடுக்க முந்தாதீர்கள். இடத்தையும் ஆழத்தையும் நாளையும் ஏட்டிற் குறியுங்கள், படம் எடுங்கள், ஆசிரியரிடம் கூறுங்கள். தொல்பொருள்களை அறிவித்தல் 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி நம் கடமையுமாகும். பழைய மாணவராகிய பொறியியலாளர், நில அளவையாளர், ஒப்பந்தகாரர், கடற்றொழிலாளர் யாவரும் இதிற் பங்கு கொள்ளலாம். கல்லூரியில் ஒரு பதிவேடு திறந்து, ஊரில் வெளிப்படும் ஒவ்வொன்றையும் நாளும் இடமும் இட்டு எழுதி வைத்தால், விழா மலர்கள் பலவற்றினும் நிலைத்த பணியாக அது விளங்கும். செலவு ஓர் ஏடும் ஒரு பேனாவுமே. எழுதத் தெரிந்த குயவனும் தச்சனும் தம் பெயரைப் பொறித்து வைத்தமையால் இன்று நாம் அவர்களை அறிகின்றோம். எழுதக் கற்ற நாம் அவர்களைக் குறித்து வைத்தலே அவர்க்குச் செய்யும் கைம்மாறு.