ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்? புரதத்தின் வடிவமும் வேலையும்

"டீச்சர், எனக்குக் காய்ச்சல்கூட இல்லையே! எதற்கு இரத்தம் எடுக்க வேண்டும்?"

தலசீமியா பரிசோதனைக்கான ஒப்புதல் பாரத்தை நான்காம் படிவ வகுப்பில் கொடுத்தபோது ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. நல்ல கேள்விதான். இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால், அந்தப் பதில் மனத்தில் பதிய வேண்டுமென்றால் புரதம் எப்படி வேலை செய்கிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே, மாணவர்களே, இந்த வாரம் புரதத்தைப் பற்றிப் படிப்போம். பாடத்தின் முடிவில் அந்த மாணவியின் கேள்விக்குத் திரும்புவோம்.

புரதம் என்றதும் முட்டை, மீன், பருப்பு, தெம்பே என்று உணவுப் பட்டியலைச் சொல்வீர்கள். அது சரியே. ஆனால், புரதம் தட்டில் மட்டும் இருப்பதில்லை. உங்கள் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் இந்த நொடியிலும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. முடியும் நகமும் கெராட்டின் என்ற புரதத்தால் ஆனவை. தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தருவது கொலாஜன். வாயில் சோற்றின் மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ், இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின், கிருமிகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள், ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஆகிய அனைத்தும் புரதங்களே.

ஒரே வகை மூலக்கூறால் இத்தனை வேலைகளை எப்படிச் செய்ய முடிகிறது? ஒவ்வொரு புரதத்திற்கும் தனி வடிவம் இருக்கிறது. அந்த வடிவம்தான் அதன் வேலையை முடிவு செய்கிறது.

இருபது எழுத்துகள்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. நம் உடலின் புரதங்களைக் கட்டுவதற்கு 20 வகை அமினோ அமிலங்கள் பயன்படுகின்றன. ஒன்றை அடுத்ததோடு இணைப்பது பெப்டைடு பிணைப்பு. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. ஹீமோகுளோபினில் 574 உள்ளன.

இந்த இருபதையும் எழுத்துகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளின் வரிசை மாறினால் சொல் மாறும் அல்லவா? எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வர வேண்டும் என்ற கட்டளை உங்கள் மரபணுவில், அதாவது டி.என்.ஏ.வில் இருக்கிறது. அந்தக் கட்டளையின் படி ஒன்று ஆர்.என்.ஏ.வாக எடுக்கப்படுகிறது. ரைபோசோம் அதை மூன்று மூன்று குறியீடுகளாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் உரிய அமினோ அமிலத்தைக் கோத்துக்கொண்டே போகிறது.

இனி ஓர் எழுத்துப் பிழையைப் பாருங்கள். "நான் பள்ளிக்குப் போனேன்" என்பதைச் சிலர் "நான் பல்லிக்குப் போனேன்" என்று எழுதுவார்கள். ளகரம் லகரமாக மாறியது, அவ்வளவுதான், பொருளே கெட்டுவிட்டது. ஆனால், "கோயில்" என்பதைக் "கோவில்" என்று எழுதினால் பொருள் மாறுவதில்லை. புரதத்திலும் இப்படித்தான். சில மாற்றங்களால் ஒன்றும் ஆவதில்லை. சில மாற்றங்கள் உயிருக்கே ஆபத்தாகின்றன.

மடிப்பின் நான்கு நிலைகள்

நீண்ட சங்கிலி நூல்போல் அப்படியே கிடந்தால் எந்த வேலையும் நடக்காது. அது மடிய வேண்டும். அந்த மடிப்பை நான்கு நிலைகளாகப் படிக்கிறோம்.

முதல்நிலை அமைப்பு: அமினோ அமிலங்களின் வரிசை. மற்ற மூன்று நிலைகளுக்கும் இதுவே அடிப்படை.

இரண்டாம் நிலை அமைப்பு: சங்கிலியின் சில பகுதிகள் சுருள்வில்லைப்போல் சுருள்கின்றன, சில பகுதிகள் சேலைக் கொசுவத்தைப்போல் மடிப்பு மடிப்பாக அடுக்கப்படுகின்றன. இவற்றைப் பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். ஒவ்வொன்றும் பலவீனமானது, பல சேர்ந்தால் பலம்.

மூன்றாம் நிலை அமைப்பு: சுருளும் மடிப்பும் கொண்ட சங்கிலி முழுவதும் மடிந்து ஒரு முப்பரிமாண வடிவத்தைப் பெறுகிறது. இங்கு நீர் முக்கியப் பங்கு வகிக்கிறது. சில அமினோ அமிலங்கள் நீரை விரும்பும்; சில, ரசத்தில் மிதக்கும் எண்ணெயைப்போல் நீரை விட்டு ஒதுங்கும். நீரை வெறுப்பவை பெரும்பாலும் உள்ளே பதுங்கிக்கொள்ள, நீரை விரும்புபவை வெளியே நிற்கும். சில புரதங்களில் கந்தக அணுக்களுக்கிடையே வலுவான பாலங்களும் உண்டு. முடியை நேராக்க 'ரீபாண்டிங்' செய்கிறார்களே, அப்போது கெராட்டினில் உள்ள இந்தக் கந்தகப் பாலங்களைத்தான் உடைத்து வேறு இடத்தில் மீண்டும் கட்டுகிறார்கள்.

நான்காம் நிலை அமைப்பு: ஒன்றுக்கும் மேற்பட்ட சங்கிலிகள் கூட்டுச் சேர்வது. எல்லாப் புரதங்களுக்கும் இந்த நிலை கிடையாது. ஹீமோகுளோபினுக்கு உண்டு. அதில் 141 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா சங்கிலிகள் இரண்டும், 146 கொண்ட பீட்டா சங்கிலிகள் இரண்டும் சேர்ந்துள்ளன. ஒவ்வொரு சங்கிலியும் இரும்பு அணு ஒன்றைக் கொண்ட ஹீம் என்ற பகுதியை அணைத்து வைத்திருக்கிறது. ஆகவே, ஒரு ஹீமோகுளோபின் நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சுமக்கும். முதல் ஆக்சிஜன் வந்து ஒட்டியதும் முழு வடிவமும் சற்று அசைகிறது. அதனால் அடுத்தடுத்து வருபவை இன்னும் எளிதாக ஒட்டுகின்றன. இந்த வடிவத்தைக் கண்டறிய மேக்ஸ் பெருட்ஸ் என்ற அறிவியலாளர் 1937இல் தொடங்கி 1959 வரை, எக்ஸ் கதிர்களைக் கொண்டு 22 ஆண்டுகள் உழைத்தார். 1962இல் வேதியியலுக்கான நோபல் பரிசை ஜான் கெண்ட்ரூவுடன் பகிர்ந்துகொண்டார்.

வடிவம் குலைந்தால்

முட்டையை வேக வைத்தால் தெளிவாக இருந்த வெள்ளைக்கரு வெண்மையாகக் கெட்டிப்படுகிறது. வெப்பம் பலவீனமான பிணைப்புகளை அறுத்துவிட, மடிந்திருந்த சங்கிலிகள் அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. இதற்கு இயல்பிழத்தல் என்று பெயர். கவனியுங்கள்: பெப்டைடு பிணைப்புகள் உடையவில்லை. முதல்நிலை அமைப்பு அப்படியே இருக்கிறது. அதனால்தான் அவித்த முட்டையிலும் அதே அமினோ அமிலங்கள் நமக்குக் கிடைக்கின்றன.

ஒரு தேர்வுக் குறிப்பு. அதிக வெப்பத்தில் நொதி ஏன் வேலை செய்வதில்லை என்று கேட்டால், "நொதி இறந்துவிட்டது" என்று பலர் எழுதுகிறார்கள். நொதிக்கு உயிர் இல்லை, அது இறக்காது. "வெப்பத்தால் பிணைப்புகள் அறுந்து, நொதியின் வினை மையம் வடிவம் இழக்கிறது, வினைப்பொருள் அதில் பொருந்துவதில்லை" என்று எழுதுங்கள்.

செய்து பாருங்கள்

தேவை: ஜெலட்டின் பொடி, அகார்-அகார், பச்சை அன்னாசிப்பழம், மூன்று கிண்ணங்கள்.

1. அன்னாசித் துண்டுகளில் ஒரு பங்கை மட்டும் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள்.
2. ஜெலட்டினைச் சுடுநீரில் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் பச்சைத் துண்டுகளையும் மற்றதில் கொதித்த துண்டுகளையும் போடுங்கள்.
3. மூன்றாம் கிண்ணத்தில் காய்ச்சி ஆறவைத்த அகார்-அகாரை ஊற்றி, உறைவதற்கு முன் பச்சைத் துண்டுகளைப் போடுங்கள்.
4. மூன்றையும் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் பாருங்கள்.

முதல் கிண்ணம் மட்டும் உறையாது. ஜெலட்டின், கொலாஜனிலிருந்து பெறப்படும் புரதம். பச்சை அன்னாசியில் உள்ள புரொமிலேன் என்ற நொதி அதை வெட்டிவிடுகிறது. கொதித்த துண்டுகளில் அதே நொதி வடிவம் இழந்து கிடப்பதால் இரண்டாம் கிண்ணம் உறைகிறது. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகார்-அகார் புரதமே அன்று. அது மாவுச்சத்தைப்போல் ஒரு கார்போஹைட்ரேட். புரொமிலேனுக்கு அங்கு வேலையில்லை. ஜெலட்டினை ஏன் ஆறவிடச் சொன்னேன் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

ஓர் எழுத்து மாறிய கதை

1910இல் ஜேம்ஸ் ஹெரிக் என்ற அமெரிக்க மருத்துவர், இரத்தச்சோகையால் வாடிய ஒரு மாணவரின் இரத்தத்தில் அரிவாள்போல் வளைந்த சிவப்பணுக்களைக் கண்டதாக எழுதினார். காரணம் தெரியவில்லை. 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும், இந்நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறுவிதமாக நகர்வதைக் காட்டினார்கள். ஆக, கோளாறு அந்த மூலக்கூறில்தான். 1956இல் வெர்னான் இங்கிராம் அந்தப் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, நலமானவர்களின் புரதத்தோடு ஒப்பிட்டார். ஒரே ஒரு துண்டு மட்டும் வேறுபட்டது.

பிழை பீட்டா சங்கிலியின் 6ஆவது இடத்தில் இருந்தது. அங்கு இருக்க வேண்டியது குளுட்டாமிக் அமிலம், இருந்ததோ வாலின். முன்னது மின்னேற்றம் கொண்டது, நீரை விரும்புவது. பின்னது நீரை வெறுப்பது. புரதத்தின் வெளிப்புறத்தில் நீரை வெறுக்கும் ஒரு புள்ளி தோன்றிவிட்டதால், ஆக்சிஜனை இறக்கி வைத்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. அந்த இழைகள் உயிரணுவை உள்ளிருந்து தள்ளி அரிவாள் வடிவமாக்குகின்றன. வளைந்த உயிரணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைத்துக் கடும் வலியைத் தருகின்றன. சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அரிவாள் உயிரணு 10 முதல் 20 நாளில் அழிகிறது. மரபணுவில் மாறியது ஒரே ஒரு குறியீடு: ஜி-ஏ-ஜி என்பது ஜி-டி-ஜி ஆகிவிட்டது.

இந்தியாவில் இந்த மரபு 1952இல் நீலகிரி மலைவாழ் மக்களிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.

மாணவியின் கேள்விக்குப் பதில்

தென்கிழக்காசியாவில் பரவலாக இருப்பது வேறொரு மாற்றம். அதற்கு ஹீமோகுளோபின் ஈ என்று பெயர். அதே பீட்டா சங்கிலியின் 26ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக லைசின் வருகிறது. கூடவே, அந்தச் சங்கிலி உற்பத்தியாகும் அளவும் குறைகிறது.

தலசீமியாவில் சிக்கல் முக்கியமாக அளவில்தான். ஆல்ஃபா அல்லது பீட்டா சங்கிலி போதிய அளவு உற்பத்தியாவதில்லை. பீட்டா குறைந்தால், துணையில்லாத ஆல்ஃபா சங்கிலிகள் திரண்டு சிவப்பணுவையே அழிக்கின்றன. நான்காம் நிலை அமைப்புக்கு இரண்டு வகைச் சங்கிலியும் சரிசமமாக வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

நமக்கு மரபணு ஒன்று தாயிடமிருந்தும் ஒன்று தந்தையிடமிருந்தும் வருகிறது. பீட்டா மரபணுக்களில் ஒன்று மட்டும் பழுதாக இருந்தால் மற்றது ஈடுகொடுக்கும். அவரைக் 'கடத்தி' என்கிறோம். அவர் ஓடுவார், விளையாடுவார், காய்ச்சல்கூட இருக்காது. ஆனால், இரண்டு கடத்திகள் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு பழுதான மரபணுக்களும் சேரக்கூடும். ஒருவர் ஹீமோகுளோபின் ஈ கடத்தியாகவும் மற்றவர் பீட்டா தலசீமியா கடத்தியாகவும் இருந்தாலும் பிள்ளைக்குக் கடுமையான நோய் வரலாம். கடுமையான தலசீமியா உள்ள குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் அதிக இரும்பை அகற்றவும் மருந்து வேண்டும்.

அதற்காகத்தான் மலேசியாவில் 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்கு இந்தப் பரிசோதனை நடத்தப்படுகிறது. நோயாளியைத் தேடி ஊசி போடவில்லை, தம்பி தங்கைகளே. நலமாக இருக்கும் கடத்திக்குத் தன்னைப் பற்றித் தெரியட்டும் என்பதே நோக்கம். கடத்தி என்று தெரியவந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அது ஒட்டிக்கொள்ளும் நோயும் அன்று. வீட்டில் பெற்றோரிடம் இதை விளக்குங்கள். பாரத்தில் கையொப்பம் இடுவதற்கு முன் அவர்களும் இதே கேள்வியைக் கேட்கக்கூடும்.

நினைவில் கொள்க

• அமினோ அமில வரிசை வடிவத்தை முடிவு செய்கிறது. வடிவம் வேலையை முடிவு செய்கிறது.
• இயல்பிழத்தலில் மடிப்பு குலைகிறது. முதல்நிலை அமைப்பு குலைவதில்லை.
• ஹீமோகுளோபினுக்கு நான்காம் நிலை அமைப்பு உண்டு.

சிந்தனைக்கு

1. டின்னில் அடைத்த அன்னாசியை ஜெலட்டினில் போட்டால் உறையுமா? காரணம் கூறுக.
2. குளுட்டாமிக் அமிலத்தின் இடத்தில், அதைப்போலவே மின்னேற்றம் கொண்டு நீரை விரும்பும் அஸ்பார்ட்டிக் அமிலம் வந்திருந்தால் ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்குமா? இது "பல்லி" வகையா, "கோவில்" வகையா?