கால் பாஸ், தண்ணி பெயில்: நெடுந்தூர ட்ரையத்லன் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

கினிகத்தேனைச் சந்தியில் நாவலப்பிட்டி பஸ் திரும்பும் இடத்துக்கு அருகே ஒரு தேத்தண்ணிக் கடை. காலை ஆறரை மணி பிளேன்டீக் கூட்டத்துக்கு இப்போது பேச ஒரு புது விஷயம் கிடைத்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவன் மழையென்றும் பாராமல் சைக்கிளில் கித்துல்கல பக்கம் இறங்கிப் போகிறான். ஒன்றரை மணித்தியாலம் கழித்து அதே வளைவுகளில் மூச்சு வாங்க ஏறி வருகிறான். கேட்டால், "அரை அயன்மேனுக்குப் பழகுறேன் அண்ணே" என்கிறான்.

அரை அயன்மேன் என்றால் 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். மூன்றையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டும்; ட்ரையத்லன் என்பது இதுதான். முழுப் போட்டி இதில் இரண்டு மடங்கு. 2018 பெப்ரவரி 25ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் இந்த அரைத் தூரப் போட்டி நடந்தது. அடுத்த ஆண்டும் நடந்தது. இனி எங்கே நடந்தாலும் ஒன்றை முடித்துவிட வேண்டும் என்பது தம்பியின் ஆசை. கடையில் அவனுக்குக் கிடைக்கும் இலவச ஆலோசனைகளுக்குக் குறைவில்லை. அவற்றில் எது சரி, எது பிழை என்று பார்ப்போம்.

நம்பிக்கை: பெயரே அயன்மேன். இரும்பு உடம்பு உள்ளவனுக்குத்தான் சரிவரும்.

உண்மை: இந்தப் போட்டி பிறந்ததே ஒரு வாய்த்தர்க்கத்தில். நீச்சல்காரன், சைக்கிள்காரன், ஓட்டக்காரன் ஆகிய மூவரில் யாருக்கு உடல்வலு அதிகம் என்று ஹவாயில் சிலர் தர்க்கித்தார்கள். அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜோன் கொலின்ஸ், ஓஆஹு தீவில் ஏற்கெனவே இருந்த மூன்று போட்டிகளையும் ஒரே நாளில் கோத்துவிடலாம் என்றார். 1978 பெப்ரவரி 18 அன்று 15 பேர் புறப்பட்டார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலாவதாக வந்த கோர்டன் ஹாலருக்கு 11 மணித்தியாலம் 46 நிமிடம் பிடித்தது. அடுத்த ஆண்டே லின் லெமேர் என்ற பெண், ஆண்களோடு சேர்ந்து போட்டியிட்டு ஐந்தாவதாக வந்தார். 2012இல் கனடாவில் சகோதரி மடோனா பியூடர் என்ற கன்னியாஸ்திரி முழு அயன்மேனை முடித்தபோது அவருக்கு 82 வயது.

கணக்கையும் பாருங்கள். அரைத் தூரத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் நேரம் எட்டரை மணித்தியாலம். நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம். சைக்கிளில் மணிக்கு 21, 22 கிலோமீற்றர் போனால் போதும். கடைசி மூன்று மணித்தியாலத்தில் 21 கிலோமீற்றர் என்றால் மணிக்கு 7 கிலோமீற்றர், அதாவது மெதுவோட்டம். சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கமாக ஏறியவர்களுக்கு இது தெரியும். முதல் ஆயிரம் படியில் ஓடிக் காட்டும் இளவட்டங்கள் பாதி வழியில் கல்லில் குந்திக் கிடப்பார்கள். தடியூன்றி ஒரே சீராக ஏறும் பாட்டிமார் விடிவதற்குள் உச்சியில் நிற்பார்கள். முதல் போட்டிக்கு வேண்டியது பாட்டியின் நடை.

நம்பிக்கை: தோட்டத்தில் நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறவனுக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு?

உண்மை: இதில் பாதி சரி. கொழுந்துக் கூடையோடு மலையில் வளர்ந்த காலும் நெஞ்சும் நகரத்து அலுவலகக்காரனுக்குக் கிடைக்காது. மற்றப் பாதிதான் ஆளை ஏமாற்றும். உடம்பு உழைக்கும்போது வலுவாவதில்லை. உழைத்த பிறகு, சாப்பாடும் நித்திரையும் கிடைக்கும்போதுதான் வலுவாகிறது. தோட்ட வேலையில் உழைப்பு உண்டு, ஓய்வுக்குக் கணக்கு இல்லை. பகலெல்லாம் கவ்வாத்து வெட்டிவிட்டுப் பொழுது சாய 15 கிலோமீற்றர் ஓடினால், அது பயிற்சி ஆகாது. உடம்பிடம் வாங்கிய கடன்மேல் இன்னொரு கடன்.

ஆகவே தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: கடின வேலை நாளில் நீண்ட ஓட்டம் வேண்டாம். வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கொஞ்சமாகக் கூட்டு. மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறை. நீந்தத் தெரிந்தவனுக்கு அரைத் தூரத்துக்கு ஐந்தாறு மாதம் வேண்டும். நீச்சலை ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்குகிறவன் ஒரு வருடம் ஒதுக்குவது நல்லது.

நம்பிக்கை: மலைக்காற்றில் பழகினவனுக்குக் கொழும்பு பச்சைத்தண்ணி.

உண்மை: உயரத்தில் பயிற்சி எடுத்து இரத்தத்தில் மாற்றம் காண, 2000 மீற்றருக்கு மேல் வாரக்கணக்கில் தங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நுவரெலியாவே 1868 மீற்றர்தான். ஹட்டன் 1271. கினிகத்தேனை அதற்கும் கீழே. உயரத்தால் நமக்குப் பெரிய இலாபம் எதுவும் இல்லை. வெப்பத்தால் நட்டம்தான் உண்டு. குளிரிலும் மழையிலும் பழகிய உடம்பு கொழும்பு வெயிலில் புழுங்கிப்போகும். வேர்வை சரியான நேரத்தில், சரியான அளவில் வரப் பழகுவதற்கு 10 முதல் 14 நாள் பிடிக்கும். முடிந்தால் போட்டிக்கு இரண்டு வாரம் முன்னதாகவே சொந்தக்காரர் வீட்டுக்குக் கீழே இறங்கிவிடுவது உத்தமம்.

சைக்கிளிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் பாதையில் ஏற்றத்தில் மிதிப்போம், இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு காலுக்கு ஓய்வு கொடுப்போம். சமதரையில் அந்த ஓய்வு கிடையாது. நான்கு மணித்தியாலமும் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மலை ஏறுகிற கால் சமதரையில் பிடித்துக்கொள்வதற்கு இதுதான் காரணம்.

நம்பிக்கை: இலட்சக்கணக்கில் சைக்கிள் வாங்காதவன் கிட்டப் போகக்கூடாது.

உண்மை: முடிப்பதற்கு, நல்ல பிரேக்கும் அளவான இருக்கையும் உள்ள சாதாரண சைக்கிள் போதும். தலைக்கவசம் கட்டாயம். முன்னால் போகிறவரின் காற்றுமறைப்பில் ஒட்டிக்கொண்டு போகக்கூடாது என்பது விதி. அயன்மேனில் 12 மீற்றர் இடைவெளி விட வேண்டும். காசு மிஞ்சினால் அதைப் புதுச் சைக்கிளில் போடாமல் பிரேக் கட்டைகளில் போடுங்கள். மழை நாளில் கித்துல்கல இறக்கத்தில் உயிர் அதில்தான் தொங்குகிறது.

நம்பிக்கை: வேர்க்க வேர்க்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இரு.

உண்மை: தண்ணீர் குறைந்தாலும் ஆபத்து, அளவு மீறினாலும் ஆபத்து. 2002 பொஸ்டன் மரதனில் ஓடியவர்களிடம் எடுத்த இரத்த மாதிரிகளில் 13 வீதமானவற்றில் சோடியம் குறைந்திருந்தது. பின்வரிசையில் மெதுவாக ஓடி, ஒவ்வொரு மேசையிலும் நின்று குடித்தவர்களே அதிகம் மாட்டினார்கள். வெறும் தண்ணீர் கூடிப்போனால் உப்பு நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, குழப்பம் வரும், முற்றினால் வலிப்பும் வரும். தாகத்துக்குக் குடியுங்கள். நீண்ட வெயிலில் தண்ணீரோடு உப்பும் சேர வேண்டும். வீட்டு அலுமாரியில் இருக்கும் ஜீவனி உப்புக்கரைசல் பைக்கற்றுக்கு இங்கே வேலை உண்டு.

சாப்பாட்டை விட்டுவிடாதீர்கள். மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம். தீப்பெட்டியளவு கித்துல் கருப்பட்டியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எதையும் பயிற்சி நாளில் தின்று பார்க்காமல் போட்டி நாளில் வாயில் வைக்கக்கூடாது.

நம்பிக்கை: ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும்.

உண்மை: 2017இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 வீதமானோருக்கு இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு இருந்ததாகக் கண்டது. ஓடாதவர்களில் அது 10.2 வீதம். உயர்மட்டப் போட்டி ஓட்டக்காரரில் 13.3 வீதம். அளவோடு ஓடினால் மூட்டு கெடுவதில்லை. ஓடாத காலை ஒரே மாதத்தில் 20 கிலோமீற்றர் ஓட வைத்தால்தான் வம்பு.

நம்பிக்கை: ஆத்தில் குதித்து வளர்ந்தவனுக்குக் கடல் என்ன பெரிய கடல்?

உண்மை: இதுதான் ஆளைக் கொல்லும் நம்பிக்கை. 1985 முதல் 2016 வரை அமெரிக்காவில் நடந்த ட்ரையத்லன்களில் உயிரிழந்த அல்லது இதயம் நின்று காப்பாற்றப்பட்ட 135 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 90 பேருக்கு அது நிகழ்ந்தது நீச்சலின்போது. கூட்டத்துள் கை கால் பட்டு, அடி தெரியாத நீரில் பதற்றம் ஏறி, மூச்சு குலைகிறது. மறைந்திருந்த இதய நோயும் அங்கேதான் வெளிப்படுகிறது. முதல் போட்டிக்கு முன் வைத்தியரிடம் இதயத்தைக் காட்டிக்கொள்வது, 40 தாண்டியவர்களுக்கு முக்கியமாக, வீண் செலவு அல்ல.

வல்வெட்டித்துறை குமார் ஆனந்தனை நினைத்துப் பாருங்கள். 1971இல் பாக்கு நீரிணையை நீந்தி இந்தியாவுக்குப் போய் நீந்தியே திரும்பியவர். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார். அவ்வளவு பெரிய நீச்சல்காரனுக்கும் தண்ணீர் சலுகை காட்டவில்லை.

நம் பக்கத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. நீந்தப் பழக இடத்துக்குத்தான் பஞ்சம். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் கரை திடீரென ஆழமாகும், அடியில் சேறும் மரக்கட்டையும் கிடக்கும். கித்துல்கலவில் களனி கங்கை, மேலே மின்நிலையங்கள் திறந்துவிடும் நீரைப் பொறுத்து ஏறி இறங்கும். மழை பெய்த நாளில் கேட்கவே வேண்டாம். அங்கே தனியாகப் பழகுவது பயிற்சியில் சேராது. தடாகமும் ஆசிரியரும் வேண்டும். முதலில் பழக வேண்டியது வேகம் அல்ல. தண்ணீருக்குள் மூச்சை விடுவது, களைத்தால் மல்லாந்து மிதப்பது, அலைக்கு நடுவில் தலையைத் தூக்கித் திசை பார்ப்பது, இந்த மூன்றும்தான். பிறகு, பாதுகாப்புப் படகு நிற்கும் கடலில், கூட்டத்தோடு.

தம்பி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நீச்சல் பழகக் கண்டிக்குப் பஸ் ஏறுகிறான். போன வாரம் ஈரத் துவாய் தோளில் கிடக்கச் சந்தியில் வந்து இறங்கினான். கடைக்காரர் வழக்கம்போலக் கேட்டார்: "இன்னைக்கு எத்தன கிலோமீட்டர் ஓடுன?"

"இன்னைக்கு ஓடல அண்ணே. பத்து நிமிசம் அசையாம மிதந்தேன்."

கடையில் சிரித்தார்கள். அவனுக்கு அன்றைய பிளேன்டீயை நான் வாங்கிக் கொடுத்தேன்.