எந்த யானையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்?

கேள்வி: நம் யானையின் அறிவியல் பெயர் ‘எலிஃபஸ் மாக்சிமஸ்’. மாக்சிமஸ் என்றால் மிகப் பெரியது என்கிறார்கள். ஆப்பிரிக்க யானை அல்லவா பெரியது? பட்டம் இங்கே எப்படி வந்தது?

பதில்: பெயர் வைத்தவர் யானை எல்லாம் ஒன்றே என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான். ஸ்வீடன் நாட்டு கார்ல் லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட ‘சிஸ்டமா நேச்சுரே’ பத்தாம் பதிப்பில் யானைக்கென்று இருப்பது ஒரே இனம். ஆப்பிரிக்க யானை வேறு என்று ஜெர்மானியரான புளூமன்பாக் பிரித்துப் பெயரிட்டது 1797-இல். பொருள் பொருந்தவில்லை என்பதற்காக ஓர் அறிவியல் பெயரைத் தூக்கி எறிய விதியில் இடமில்லை. முந்தி வைத்த பெயருக்கே உரிமை.

லின்னேயஸுக்கு முன்பும் அறிஞர்கள் லத்தீனில் பெயர் வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் தண்டு இப்படி, இலை அப்படி என்று வரி நீளத்துக்கு ஓடும் வருணனைகள் அவை. லின்னேயஸ் அதைப் பேரினப் பெயர், இனப் பெயர் என்று இரண்டே சொல்லில் அடக்கினார். விலங்குகளைப் பொறுத்தவரை அந்தப் பத்தாம் பதிப்புக்கு முந்தைய பெயர்கள் இன்று செல்லாது. ஸ்வீடன் நாட்டுச் சிலந்திகளைப் பற்றி கிளார்க் என்பவர் 1757-இல் எழுதிய ஒரு நூலுக்கு மட்டும் விலக்கு. சிலந்திக்குக் கிடைத்த சலுகை சிங்கத்துக்குக் கிடைக்கவில்லை!

பெயர் இருந்தால் போதாது, அது யாருக்கு உரியது என்று காட்ட ஓர் உடலும் வேண்டும். அதை வகைமாதிரி என்பார்கள். அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் ஓர் எலும்புக்கூடோ, பாடம் செய்த தோலோ, காய்ந்த இலையோ அதுவாக இருக்கலாம். பின்னாளில் சந்தேகம் வந்தால் அதை எடுத்து ஒப்பிட வேண்டியதுதான்.

யானை விஷயத்தில் அப்படி ஒப்பிட்டபோதுதான் வில்லங்கம் வெளிவந்தது. ஆம்ஸ்டர்டாமில் மருந்து வியாபாரம் செய்த ஆல்பர்ட்டஸ் சேபா அரும்பொருள்கள் சேர்ப்பதில் பேர்போனவர். அவரிடமிருந்த, சாராயத்தில் ஊறிய யானைக் கரு ஒன்று பின்னர் ஸ்வீடன் அரசரின் சேகரிப்புக்கு வந்தது. லின்னேயஸ் ஆதாரமாகக் கொண்டவற்றில் அதுவும் ஒன்று. யானையின் இருப்பிடம் இலங்கை என்று அவர் எழுதிவைக்க, ஸ்டாக்ஹோமில் இருந்த கருவோ ஆப்பிரிக்க யானை போலத் தெரிந்தது. டென்மார்க் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு கருவின் புரதத்தையும் டிஎன்ஏவையும் சோதித்து, 2013-இல் முடிவை வெளியிட்டது: சந்தேகமே இல்லை, ஆப்பிரிக்க யானைதான்.

அந்தக் கருவையே வகைமாதிரி என்று ஏற்றிருந்தால் ‘எலிஃபஸ் மாக்சிமஸ்’ ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கும். நம் யானை அந்தப் பெயரை இழந்து நின்றிருக்கும். நல்லவேளையாக, லின்னேயஸ் தம் குறிப்பில் ஆங்கிலேயரான ஜான் ரே 1693-இல் எழுதிய நூலையும் சுட்டியிருந்தார். ரே வருணித்தது இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் தாம் கண்ட யானை எலும்புக்கூட்டை. தேடிப்போனால் அது இன்னும் அதே நகரத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது!

அந்த எலும்புக்கு ஒரு வாழ்க்கை வரலாறும் உண்டு. ஹான்ஸ்கன் என்று அழைக்கப்பட்ட அந்தப் பெண் யானை இலங்கையில் பிறந்தது. குட்டியாக இருந்தபோதே டச்சுக்காரர்களின் கப்பலில் ஹாலந்து போய், ஐரோப்பாவின் ஊர் ஊராக வித்தை காட்டியது. ரெம்பிராண்ட் 1637-இல் அதைப் பார்த்துப் படம் வரைந்தார். 1655-இல் ஃபிளாரன்ஸில் இறந்தது. இன்று ஆசிய யானை இனத்தின் அதிகாரபூர்வ வகைமாதிரி அந்த எலும்புக்கூடுதான்.

கேள்வி: நீலகிரி வரையாட்டின் அறிவியல் பெயரை மட்டும் மாற்றினார்களே?

பதில்: மாறியது முன்பாதி மட்டுமே. இமயமலைத் தார் ஆட்டோடு சேர்த்து ‘ஹெமிட்ராகஸ்’ பேரினத்தில் வைத்திருந்தார்கள். டிஎன்ஏவைப் பார்த்தால் நம் வரையாடு செம்மறிக்கு நெருங்கிய சொந்தம். எனவே 2005-இல் ‘நீல்கிரிட்ராகஸ்’ என்று தனிப் பேரினம் கொடுத்தார்கள். பின்பாதியான ‘ஹைலோக்ரியஸ்’ அப்படியே இருக்கிறது. அதைச் சூட்டிய ஓகில்பியின் பெயரை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். விலங்கியலில் அந்த அடைப்புக்குறியைப் பார்த்தாலே, பேரினம் ஒருமுறையாவது மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.