வேலை அறிவிப்பை வாசிக்கக் கற்றுக்கொடுப்போம்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி, மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தபோது தன் கைப்பேசியை நீட்டினாள். "விமான நிலையத்தில வேலையாம் சார். பத்தாம் வகுப்பு போதுமாம். நாளைக்குள்ள 1,850 ரூபாய் கட்டணுமாம். அப்பா வட்டிக்கு வாங்கி வச்சிருக்கார்" என்றாள். அது வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. மேலே அரசு முத்திரையும் கீழே ஒரு கைப்பேசி எண்ணும் இருந்தன. அறிவிப்பு எண், தேர்வு முறை, நிறுவனத்தின் இணைய முகவரி எதுவுமே இல்லை.

செய்யுளுக்குப் பொருள் சொல்லத் தெரிந்த மாணவி அவள். ஆனால் ஒரு வேலை அறிவிப்பை எப்படி வாசிப்பது என்று நாம் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. அதற்கு இரண்டு பாடவேளைகள் போதும். 9 முதல் 12 வரை எந்த வகுப்பிலும் இதைச் செய்யலாம்.

முதல் பாடவேளை: முகவரியை வாசித்தல்

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் மாணவர்களைக் குழுக்களாக அமர்த்தி, 'பத்தாம் வகுப்புத் தகுதிக்கு அரசு வேலை' என்று தேடச் சொல்லுங்கள். முதலில் வரும் பத்து முடிவுகளை அவர்கள் மூன்றாகப் பிரிக்கட்டும்: பணி தரும் அமைப்பின் சொந்த இணையதளம், பிறர் செய்தியைத் தொகுத்துத் தரும் தளம், விளம்பரம். முதல் வகை எவ்வளவு குறைவு என்பதை அவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்து, இணைய முகவரியின் முடிவைப் பார்க்கப் பழக்குங்கள். 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடியும் முகவரி அரசு அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. அதே எழுத்துகளை நடுவில் வைத்து 'டாட் காம்' என்று முடித்தால் அது வேறு ஆளின் தளம். எல்லா உண்மையான தளங்களும் 'ஜி.ஓ.வி.' கொண்டவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வங்கிப் பணியாளர் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். தளத்தின் முகவரியில் அது இல்லை.

தொகுப்புத் தளங்கள் எல்லாமே மோசடி அல்ல. ஒரு வேலை வந்திருப்பதை அறிய அவை உதவும். ஆனால் தகுதியையும் கடைசி நாளையும் மூல அறிவிப்பில்தான் உறுதிசெய்ய வேண்டும். விண்ணப்பமும் அங்கு சொல்லப்பட்ட வழியிலேயே போக வேண்டும்.

இரண்டாம் பாடவேளை: அறிவிப்பை வாசித்தல்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் இணையதளத்திலிருந்து பழைய குரூப் 4 அறிவிக்கை ஒன்றைப் பதிவிறக்கிக் கொள்ளுங்கள். கணினி இல்லாத இடத்தில் முக்கியமான பக்கங்களை நகலெடுத்துக் கொடுக்கலாம். குழுக்கள் விடை தேட வேண்டிய வினாக்கள்:

1. என்னென்ன பதவிகள்? ஒவ்வொன்றுக்கும் என்ன தகுதி?
2. வயது எந்த நாளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது?
3. தேர்வில் எத்தனை வினாக்கள், எவ்வளவு மதிப்பெண்?
4. கட்டணம் எவ்வளவு? யாருக்கு விலக்கு? எந்த வழியில் கட்ட வேண்டும்?
5. எந்தெந்தச் சான்றிதழ்கள் தேவை? யாரிடம் பெற வேண்டும்?

விடை தேடும்போதே வழிகாட்டுதல் நடந்துவிடும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பல பதவிகளுக்குப் போதும். தட்டச்சர் பதவிக்குத் தட்டச்சுத் தேர்ச்சியும் வேண்டும். இதை ஒன்பதாம் வகுப்பிலேயே வாசிக்கும் மாணவர் அடுத்த கோடை விடுமுறையில் தட்டச்சு வகுப்பில் சேரலாம். கடைசி நாளுக்கு முந்தைய நாள் வாசிப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

200 வினாக்களில் 100 தமிழிலிருந்து வருகின்றன. தமிழ்ப் பகுதியின் 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதி மதிப்பிடப்படாது. "தமிழ் படித்து என்ன கிடைக்கும்?" என்று கேட்கும் மாணவருக்கு இதுவே விடை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இடஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றிதழைப் படித்த பள்ளியிலிருந்துதான் பெற வேண்டும் என்பதால் இது நமக்கும் வேலை வைக்கும் செய்தி.

கட்டணம் கேட்டாலே மோசடி என்று சொல்லிவிடாதீர்கள். தேர்வாணையமும் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய் பெறுகிறது. அது ஐந்து ஆண்டுகள் செல்லும். குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். ஆனால் அந்தத் தொகை அறிவிக்கையில் அச்சிடப்பட்டிருக்கிறது. தேர்வாணையத்தின் தளத்துக்குள்ளேயே கட்டப்படுகிறது. தனி ஒருவரின் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்வதும், யோசிக்க நேரம் தராமல் அவசரப்படுத்துவதும்தான் மோசடியின் அடையாளங்கள்.

அரசு வேலை மட்டுமே வேலை அல்ல

தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையத்திலும், மத்திய தொழிலாளர் அமைச்சகம் 2015இல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்திலும் வேலை தேடுவோர் கட்டணமின்றிப் பதியலாம். தொழிற்பழகுநர் பயிற்சிக்குத் தனித் தளம் இருக்கிறது. அங்கு தொழில் கற்கும்போதே உதவித்தொகை கிடைக்கும். மேற்படிப்பைத் தேர்ந்தெடுக்க, 2022இல் தொடங்கப்பட்ட நான் முதல்வன் தளம் உதவும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை இணையத்திலேயே செய்துவிட்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்கக் கூடாது. இந்தத் தளங்களின் முகவரிகளைப் பெரிய எழுத்தில் எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவையுங்கள். ஊர்ப் பெற்றோரும் படித்துவிட்டுப் போவார்கள்.

தொடக்க வகுப்புகளிலும் இதற்கு வித்திடலாம். ஏதாவது செய்தியைக் குழந்தைகள் சொல்லும்போது, "இதை யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கப் பழக்கினால் போதும்.

யாராவது ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் திட்டாதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் புகார் போகிறதோ, அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு கூடும்.

அன்று அந்த மாணவியை ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று, அந்த வேலையின் மூல அறிவிப்பை அவளையே தேடச் சொன்னேன். அரை மணி நேரம் தேடினாள். அப்படி ஓர் அறிவிப்பே இல்லை. அங்கிருந்தே அப்பாவை அழைத்து, "பணத்தைத் திருப்பிக் கொடுத்திருங்கப்பா" என்றாள்.