லண்டனில் ஏறி பாரிசில் இறங்கினால்

லண்டன் இங்கிலாந்தின் தலைநகரம். பாரிஸ் பிரான்சின் தலைநகரம். இரண்டு நாடுகளுக்கும் நடுவே ஒரு குறுகிய கடல் இருக்கிறது. லண்டனின் பெரிய விமான நிலையம் ஹீத்ரோ. பாரிசின் பெரிய விமான நிலையம் சார்ல் தெ கோல். இது பிரான்சின் குடியரசுத் தலைவராக இருந்தவரின் பெயர். இந்த இரண்டு நிலையங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 350 கிலோ மீட்டர்.

விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோ மீட்டர் வேகத்தில் பறக்கும். 350 கிலோ மீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மணி கூட ஆகாது. ஆனால் கால அட்டவணையில் சுமார் 1 மணி 20 நிமிடம் என்று இருக்கும். ஏன்?

விமானம் நின்ற இடத்திலிருந்து அப்படியே எழும்பிவிடாது. ஓடுபாதை வரை மெதுவாக உருண்டு போக வேண்டும். ஹீத்ரோவில் இருப்பது இரண்டே ஓடுபாதைகள். விமானங்களோ ஏராளம். வரிசையில் காத்திருக்க வேண்டும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. தூரம் குறைவு என்பதால், ஏறி முடித்த சற்று நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. நம் நாடு முழுவதும் ஒரே நேரம்தான். ஐரோப்பாவில் அப்படி இல்லை. லண்டனில் காலை 10 மணி என்றால் பாரிசில் 11 மணி. டிக்கெட்டில் புறப்படும் நேரம் லண்டன் நேரம். சேரும் நேரம் பாரிஸ் நேரம். காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் பகல் 12.20-க்குச் சேரும் என்று போட்டிருக்கும். திரும்பும்போது வேடிக்கையாக இருக்கும். பாரிசில் 10 மணிக்கு ஏறினால் லண்டனில் 10.20-க்கு இறங்கலாம்!

இது வெறும் வேடிக்கை அல்ல. ஒருவருக்குப் பாரிசில் பகல் 12 மணிக்கு வேலைக்கான நேர்காணல் என்று வைத்துக்கொள்வோம். "1 மணி 20 நிமிடப் பயணம்தானே" என்று அவர் 10 மணி விமானத்தில் ஏறுகிறார். இறங்கும்போதே நேரம் கடந்துவிடும். வேலையும் போய்விடும். நிலையத்திலிருந்து பாரிஸ் நகருக்குள் போக இன்னும் 25 கிலோ மீட்டர் இருக்கிறது.

ரயிலும் உண்டு. கடலுக்கு அடியில் 50 கிலோ மீட்டர் நீளச் சுரங்கப் பாதை 1994-ல் திறக்கப்பட்டது. ரயில் லண்டன் நகருக்குள் கிளம்பி, பாரிஸ் நகருக்குள்ளேயே நிற்கும். பயண நேரம் சுமார் 2 மணி 20 நிமிடம். இதற்கும் முன்னதாகப் போய் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். ஆனாலும் வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால், பலருக்கு ரயில்தான் விரைவு. 1919-ல் லண்டன்–பாரிஸ் தினசரி விமானம் தொடங்கியபோது, பறக்கவே ஏறக்குறைய இரண்டரை மணி ஆனது!

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. பாரிசில் மாலை 5 மணிக்கு ரயில் புறப்படுகிறது. பயணம் 2 மணி 20 நிமிடம். லண்டனில் இறங்கும்போது அங்குள்ள கடிகாரத்தில் மணி என்ன?